ஆண்கள் மேல் படக் கூடாத மருந்து

குணசுந்தரி நர்சம்மா இறந்துபோன செய்தி எனக்கு ஆர்டராகத்தான் வந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிடிபி கடை வைத்திருப்பவளுக்கு ஊர்ச் சாவெல்லாம் அப்படித்தான் வந்து சேரும். காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை மகன் முரளி பைக்கை நிறுத்திவிட்டு செல்போனை நீட்டினான். "பெரிம்மா பூட்டாங்கக்கா. நாஷ்டா சாப்ட உக்காந்தவங்க நெஞ்சப் புடிச்சிக்கினு அப்பிடியே சாஞ்சிட்டாங்க. ஆறுக்கு நாலுல ஒரு பேனர் வேணும்" என்றான். அழுதிருந்தான். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரையோ திட்டுவதற்கு வாயைத் திறக்கும்போது எடுத்தது போலிருந்தது.

"சிரிச்ச மாதிரி ஒண்ணு கூட கெடைக்கலக்கா."

"இருந்தாத்தானேடா கெடைக்கும்" என்றேன்.

பெயருக்கு மேலே 'அன்பின் திருவுருவே' என்று போடச் சொன்னான். அப்படிப் போட்டால் உன் பெரியம்மா எழுந்து வந்து பேனரைக் கிழிப்பார் என்று சொல்லி, பெயரும் வயதும் எடுக்கும் நேரமும் மட்டும் போட்டுக் கொடுத்தேன். பதினாறாம் நாள் மகளிர் குழுக் கட்டடத்தில் பெண்கள் மட்டும் கூடி உட்காரப்போகிறோம், நீ நாலு வார்த்தை எழுதி வந்து படி என்று குழுக்காரர்கள் சொன்னார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படிக்கும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும். கேட்டுவிட்டு வீட்டில் போய் யாரும் உளறி வைக்க வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவள் ஒருத்தி இருந்தால் கையைத் தூக்கட்டும். இருபது வருடத்துக்கு மேல் நம் ஊர் துணை சுகாதார நிலையத்தில் இருந்தார். சொட்டு மருந்து, கர்ப்பிணிப் பதிவேடு, தடுப்பூசி எல்லாம் மேலதிகாரிகள் பார்க்கிற வேலை. பச்சைத் துணி ஸ்க்ரீனுக்குப் பின்னால் நடந்த வேலையை நாம்தான் பார்த்தோம். ஒரு பெண் காலை அகட்டி நடந்து வாசலேறினாலே நாற்காலியில் இருந்தபடி குரல் கொடுப்பார். "இன்னாடி, நடவா, புருஷனா?" அவரிடம் இரண்டே வகைதான். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவளுக்கும் தன் முறை வரும்போது அதே கேள்விதான்.

நடவு என்றால் தொடை இடுக்குத் தோல். காலை முதல் சாயங்காலம் வரை ஈரப் புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் குனிந்து நின்றால் தோல் உரிந்துதான் போகும். அதன் மேல் நாம் என்னென்ன வைத்தோம் என்று நினைத்தால் இப்போது எனக்கே உடம்பு கூசுகிறது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பினோம். மண்ணெண்ணெய் தொட்டு வைத்தவள் உண்டு. சோப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியவளும் உண்டு. எரிந்தால் கிருமி சாகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். "எரிஞ்சா சுத்தம்னு அர்த்தம் இல்லடி. எரிஞ்சா எரியுதுன்னு அர்த்தம்" என்பார் நர்சம்மா. வெறும் தண்ணீரில் கழுவு, ஒத்தி எடு, தேய்க்காதே. வயலில் இறங்கும் முன்பே களிம்பு தடவிக்கொண்டு இறங்கு. ஏறினதும் ஈரத்தை மாற்று, வீடு வரைக்கும் அதே துணியோடு வராதே. ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால் மக்கில் தண்ணீரை எடுத்து ஊற்றிக்கொண்டே போ. இரண்டு வாரத்தில் ஆறாத புண் என்றால் என்னிடம் வராதே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. இவ்வளவுதான் அவருடைய வைத்தியம். இதைச் சொல்வதற்கு நடுவில் நம் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். கை மட்டும் மெதுவாக இருக்கும்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்தால் இன்னும் மோசம். தையல் போட்ட மருமகளைப் பலகையில் உட்கார வைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடிவயிற்றிலும் அதற்குக் கீழேயும் வீசி அடித்தால்தான் உடம்பு இறுகும் என்று நம் மாமியார்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். தெற்குத் தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஊற்றிக்கொண்டிருந்தபோது நர்சம்மா உள்ளே நுழைந்துவிட்டார். மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்து வெந்நீர் அண்டாவுக்குள் முக்கினார். கிழவி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "இன்னாத்துக்குக் கைய இழுத்துக்கினே? ஒனக்குக் கீற தோலு அவளுக்கு இல்லியா? அவளுக்குப் போட்டுக்கீறது தையலும்மே, சட்டி ஓட்டைய அடைக்கல" என்றார். கிழவியின் கை ஒரு வாரம் கொப்புளித்துக் கிடந்தது. அதற்கு மருந்து போட்டவரும் நர்சம்மாதான். அந்தத் தெருவில் அதற்கப்புறம் வெந்நீர் வெதுவெதுப்புக்கு வந்தது. நான் இதை நியாயம் என்று சொல்லவில்லை. நடந்தது என்று சொல்கிறேன்.

இனி அந்தப் பொய்.

இரண்டாவது வகைக் காயத்துக்கு, அதாவது புருஷனா என்று கேட்டால் தலையைக் குனிகிறவளின் காயத்துக்கு, மருந்தை விட ஓய்வுதான் முக்கியம். ஓய்வு யார் கொடுப்பார்கள்? வலிக்கிறது என்றால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று பதில். தையல் பிரிந்துவிடும் என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில். நர்சம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். புருஷனை வாசலுக்குக் கூப்பிட்டு, முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டு, "தொத்து கீது. பதினஞ்சி நாளு கிட்ட போனீன்னா ஒனக்கும் புடிச்சிக்கும். அப்பறம் அறுத்துத்தான் எடுக்கணும்" என்பார். அவ்வளவுதான். ஆள் அன்றைக்கே பாயை வெளியில் போட்டுக்கொள்வான். "பொம்பள வலிக்கு லீவு கெடையாதுடி. ஆம்பள பயத்துக்குத்தான் லீவு" என்று நம்மிடம் சொல்வார். நாம் அதற்கு 'நர்சம்மா லீவு' என்று பெயர் வைத்திருந்தோம். எத்தனை பேர் அந்த லீவில் மல்லாந்து படுத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஆண்களில் ஒருவன் கூட அந்தத் தொத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. கேட்டால் தன் பக்கமும் விரல் திரும்பும் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு உள்பயம் இருந்தது. செங்கல் சூளைக்குப் போனவன், லாரியில் போனவன், எவனுக்கும் கணக்கு நேராக இல்லை. அந்த அழுக்கின் மேல்தான் நர்சம்மாவின் பொய் நின்றது. இது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கும் தெரியாது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை தாமல் பக்கம். கம்பெனி வேலை. குடி கிடையாது, பீடி கிடையாது, சனிக்கிழமை ஒருபொழுது. "தங்கமான புள்ள" என்று என் அம்மா தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். யோக்கியன்தான். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் காயம். முதல் நாளே நின்றிருந்தால் ஆறியிருக்கும். நிற்கவில்லை. நான் அழுதால் வெட்கம் என்று நினைத்தானா, கேட்காதது போல் இருந்தானா, அது அவனுக்குத்தான் தெரியும். ஐந்தாம் நாள் மறுவீட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தோம். நான் படியேறியதைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. விருந்துக்கு இலை போடும் முன் என்னை ஸ்க்ரீனுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவனும் கூடவே வந்து வாசலில் நின்றான். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் கூட வருகிற புருஷன். அதுவும் அவன் யோக்கியம்தான்.

நர்சம்மா பார்த்தார். கழுவினார். "சின்னக் காயந்தான். ஒரு வாரம் சும்மா வுட்டா தன்னால மூடிக்கும். வுட மாட்டான்ல?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், எல்லாருடைய புருஷனுக்கும் சொன்னதையே அவனுக்கும் சொன்னார். உள்ளே பாவாடை நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது.

"தொத்துன்னா, யார்கிட்டேருந்து தொத்துச்சி?"

நர்சம்மா வாயடைத்துப் போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். இரண்டு மூச்சு விடுகிற நேரம். அதற்குப் பிறகு "தண்ணியிலேருந்து" என்றார். அந்த இரண்டு மூச்சு போதும் அவனுக்கு. தனக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை, தான் வேறு பெண்ணைத் தொட்டதில்லை, அப்படியென்றால் இது இவள் கொண்டுவந்தது. கணக்கு நேராக இருந்தவன் போட்ட கணக்கு. இலையில் உட்காரவில்லை. ஷிப்டு மாற்றியிருக்கிறார்கள், அவசரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். சீக்குக்காரப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நாலாம் நாள் சொல்லி அனுப்பினார்கள்.

என் காயம் ஒன்பது நாளில் ஆறிவிட்டது.

மூன்றாவது வாரம் நர்சம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்து, "கெளம்பு, நானே வந்து சொல்றேன்" என்றார். அவர், அம்மா, நான் மூவரும் காஞ்சிபுரம் போய் பஸ் மாறித் தாமல் போனோம். யூனிஃபார்ம் புடவையில் வந்தார், அரசாங்க மரியாதை இருக்கட்டும் என்று. பஸ்ஸில் நான் அவர் காதோடு சொல்லிக்கொண்டே போனேன். குளிக்கிற கல்லில் வழுக்கி விழுந்துவிட்டாள், அதில் பட்ட காயம் என்று சொல்லுங்கள் சிஸ்டர். ஒரு பொய் சொன்ன வாய்தானே, இன்னொன்று சொல்லக் கூடாதா? அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

கூடத்தில் அவன், அவன் அப்பா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர் இரண்டு பேர். கதவுக்குப் பின்னால் பெண்கள். நர்சம்மா நின்றுகொண்டே சொன்னார். "நான் அன்னிக்கு சொன்னது பொய். தொத்தும் இல்ல, சீக்கும் இல்ல. பொண்ணுக்கு ரெஸ்டு வேணும்னு சொன்ன பொய்."

சித்தப்பா சிரித்தார். "கவர்மெண்டு நர்சு பொய் சொல்லுமா? அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது. "சீக்கு இல்லன்னா அந்தப் புண்ணு எப்பிடி வந்துச்சாம்?"

நான் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். கல், கல் என்று வாயசைத்தேன். என் வாழ்க்கை முழுவதும் அந்த நேரத்தில் அந்தக் குளிக்கிற கல்லின் மேல்தான் இருந்தது.

"ஒங்க புள்ளையாலதான் வந்திச்சி" என்றார் நர்சம்மா. "பொண்ணு அஞ்சி நாளா அழுதுக்கினு கீது, அவரு காதுல வாங்கல. நெறைய பொண்ணுங்களுக்கு வர்றதுதான். ஒரு வாரம் சும்மா வுட்டிருந்தா ஆறிப்பூடும். வுடல. அவ்ளோதான் விசயம்."

அவன் எழுந்தான். முகம் செத்துப்போயிருந்தது. "போங்க" என்று ஒரே சொல். ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால், அப்பாவுக்கு முன்னால், கதவுக்குப் பின்னால் நின்ற அத்தனை பெண்களுக்கும் காதில் விழ, பெண்டாட்டியைப் புண்ணாக்கியவன் என்று பெயர் வாங்கிய பிறகு அவன் எப்படி என்னைச் சேர்த்துக்கொள்வான்? சேர்த்துக்கொண்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. சீக்குக்காரி என்று சொல்லித் தள்ளிவிட்டால் அவன் யோக்கியம் அப்படியே இருக்கும். தள்ளிவிட்டான். உண்மை சொல்ல வேண்டிய வாசலில் பொய் சொன்னார், பொய் சொல்ல வேண்டிய கூடத்தில் உண்மை சொன்னார். நடுவில் நசுங்கியவள் நான். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே அம்மா குனிந்து மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள். "ஒன் நாக்கு அழுவிப் பூடும்டி" என்றாள். நர்சம்மா நகரவில்லை. புடவையைத் தட்டிக்கொண்டு, உத்திரமேரூர் பஸ் வந்ததும் எங்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார். என்னை மன்னித்துவிடு என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. நல்லவேளை அப்படிப்பட்டவனிடமிருந்து தப்பித்தாய் என்று நீங்கள் எல்லோரும் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். சொன்னவள் ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டுத் தன் புருஷன் வீட்டுக்குத்தான் போனாள்.

மூன்று வருடம் அவரோடு பேசவில்லை. டைப்பிங் கற்றுக்கொண்டு, இப்போது என்னுடையதாக இருக்கும் இந்தக் கடையில் அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் நான் அடித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகைதான். எனக்கு என்ன பெயர் ஊரில் ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். என்னைப் பார்க்க வந்த இரண்டு வரன்கள் பாதி வழியில் திரும்பினார்கள்.

அந்த மூன்று வருடமும் நர்சம்மா பொய் சொல்வதை நிறுத்தியிருந்தார். அது எனக்குத் தெரியாது. ஒரு நாள் கன்னியம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். இதோ இங்கேதான் இருக்கிறாள், அவள் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்கார முடியவில்லை. இரண்டாவது பிரசவத்துத் தையல் பிரிந்துவிட்டது. நர்சம்மா அவள் புருஷனிடம், காயம் இருக்கிறது, வலிக்கும், விலகி இரு என்று உண்மையைச் சொன்னாராம். "வலிக்கத்தானே செய்யும்" என்றானாம் அவன். எனக்கு அப்போது கொடுத்தாள் பாருங்கள் ஒரு சாபம். "ஒன் ஒருத்தி கல்யாணம் பூட்ச்சின்னு எங்க எல்லாரு லீவையும் புடுங்கிட்டியேடி. நல்லா இருப்பியா நீ."

முதலாளியிடம் சொல்லிவிட்டு நேரே துணை நிலையத்துக்குப் போனேன். நர்சம்மா பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"திரும்பப் பொய் சொல்லுங்க" என்றேன்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன்."

"மாட்டேன் செல்வி. எங்கேருந்து தொத்துச்சின்னு இன்னொருத்தன் கேட்டா நான் எங்க போவேன்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் வந்தது அந்த யோசனையும். சீக்கு அவளிடமிருந்து வந்தது என்றால்தானே எங்கிருந்து என்று கேட்பான்? ஆபத்து நர்சம்மா கையிலிருந்து வரட்டுமே. "தொத்துன்னு சொல்லாதீங்க. மருந்துன்னு சொல்லுங்க. மருந்து ஆம்பளைக்கு ஆவாதுன்னு சொல்லுங்க. எங்கேருந்து வந்துச்சின்னா, கவர்மெண்டு குடுத்துச்சி." என்னை அவர் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. "இத்த அன்னிக்கே நெனச்சிருக்கக் கூடாதாடி நான்" என்றார். மன்னிப்புக்கு மிக அருகில் அவர் வந்தது அவ்வளவுதான்.

லேபிளை நான்தான் அடித்தேன். சிவப்புக் கட்டம், தடித்த எழுத்து. 'எச்சரிக்கை. இந்த மருந்து ஆண்கள் மேல் படக் கூடாது. பதினைந்து நாள்.' கீழே யாருக்கும் புரியாத நாலு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நீளமான நம்பரும் போட்டேன். நம்பர் இருந்தால் நம்புவார்கள். டப்பாவுக்குள் இருந்தது பனிக்காலத்தில் உதட்டு வெடிப்புக்குத் தடவுகிற வெள்ளைக் களிம்பு. காயத்துக்கும் அது கெடுதல் செய்யாது, உரசாமல் வைத்திருக்கும் என்று நர்சம்மா சொன்னார். அந்த டப்பாவை உங்கள் வீட்டு ஆண்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று நீங்கள் வந்து சொல்லிச் சிரித்தீர்களே. ஒருத்தன் குச்சியால் தள்ளிப் பரண் மேல் ஏற்றினானாம். கன்னியம்மா புருஷன் பதினைந்து நாள் முடிந்து இருபது நாளாகியும் எட்ட நின்றே சோறு வாங்கித் தின்றானாம்.

ஒரு வருடம் போயிருக்கும். புதிதாக அடித்த லேபிள் கட்டை எடுத்துக்கொண்டு துணை நிலையத்துக்குப் போனேன். வேப்ப மரத்தடியில் பைக் மேல் சாய்ந்துகொண்டு, கட்டடத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஒருவன் நின்றான். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவன் மறுகல்யாணம் செய்துகொண்டதும் பெண் நம் பக்கத்து ஊர் என்பதும் தெரியும். உள்ளே பெஞ்சில் ஒரு பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்க்ரீனுக்குப் பின்னால் ஒருத்தி விசும்புகிற சத்தம் கேட்டது. நர்சம்மா கை கழுவிக்கொண்டு வெளியே வந்தார். நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், போதும்.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்க மாட்டேன். சந்தோஷம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சந்தோஷம். உள்ளே அழுகிறவளைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. அதே காயம், அதே ஆள். சீக்கு என்னுடையது இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வாசலுக்குப் போய் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போகிற வருகிற எல்லாரையும் நிறுத்தி, இவளையும் வந்து பாருங்கள் என்று கத்தப் போனேன். இரண்டடி வைத்திருப்பேன். நர்சம்மா என் கையைப் பிடித்து இழுத்து, பளாரென்று கன்னத்தில் அறைந்தார்.

"அவ புண்ணு ஒனக்கு சாட்சியா?" என்றார். கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "அவ குடுக்காம நீ எடுத்தீன்னா, அவனுக்கும் ஒனக்கும் இன்னாடி வித்தியாசம்?"

என் வாழ்க்கையைக் கெடுத்தவர், அதைத் திரும்ப வாங்க இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டு, அதற்கு அடி வேறு கொடுத்தார். பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்திருந்தால் குத்தியிருப்பேன். அவர் என்னைக் கண்டுகொள்ளாமல், என் கையில் இருந்த கட்டிலேயே ஒரு லேபிளை உரித்து டப்பாவில் ஒட்டி, அந்த அம்மாவிடம் கொடுத்து அனுப்பினார். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வாங்கினான். இரண்டு தடவை படித்தான். நர்சம்மா வாயை நம்பாதவன் அச்சை நம்பினான். டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக் கவரில் வைத்துவிட்டு, விரல்களை பேண்டில் துடைத்துக்கொண்டான். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து நாள் கிடைத்தது. எனக்குக் கன்னம் வீங்கியது.

அதற்கப்புறம் பதினாலு வருடம். வாயைத் திறக்கவில்லை. அம்மா சாகிற வரைக்கும் கூட அவளிடம் சொல்லவில்லை. நர்சம்மா ஓய்வு பெற்ற பிறகு பென்ஷன் பேப்பர் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வருவார். எடுத்துக் கொடுப்பேன். அவர் வெயிலைத் திட்டுவார், பஸ்ஸைத் திட்டுவார், என் கடைத் தூசியைத் திட்டுவார். போய்விடுவார்.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். நாற்பதை எட்டும் ஒருத்தி என் பக்கத்தில் வந்து துடைப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது."

"அன்னிக்கு நீங்க அடி வாங்கினது எனக்குக் கேட்டுச்சிக்கா. நடுவுல துணிதானே இருந்திச்சி. நர்சம்மா சொன்னதும் கேட்டுச்சி." துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். வாளியோடு நின்றிருந்த நீங்கள் பத்துப் பேரும் கேட்டீர்கள். "இந்த அக்காவுக்கு எந்த சீக்கும் கெடையாது. எனக்கும் அதே காயந்தான். அதே ஆளுதான். இத்த சொல்ல எனக்கு இத்தினி வருசம் ஆயிடுச்சி."

உங்களில் இரண்டு பேர் என் வரன் திரும்பிப் போனதற்குக் காரணமானவர்கள், தலையைக் குனிந்துகொண்டீர்கள், பார்த்தேன். பதினெட்டு வருடமாக நான் எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. கேட்க வேண்டிய அம்மா இல்லை. எனக்கு நாற்பது வயது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இனி நான் போக ஒரு வீடும் இல்லை. இருந்தாலும் அழுதேன். அவளும் அழுதாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் பேஜாராகிவிடாதா என்று கேட்டேன். "தெரிஞ்சா தெரியட்டும். எட்டாவது படிக்கிற புள்ள கீறான், இனிமே என்னிய இன்னா பண்ணுவாரு? நீங்க எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க" என்றாள்.

பெயரை டைப் செய்தேன். பிறகு அழித்துவிட்டேன். அன்றைக்கு அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

குணசுந்தரி நர்சம்மாவை நான் மன்னிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட வந்தவர்கள் கும்பிடுங்கள், எனக்கு அதற்கு மனசு வராது. ஆனால் அந்தப் பெண் தானாக வந்து, தன் வாயால், தன் காயத்தை எனக்குக் கொடுத்தாள். பதினாலு வருடத்துக்கு முன் நான் பிடுங்கியிருந்தால் இன்றைக்கு அவள் கொடுக்க அது அவளிடம் இருந்திருக்காது. என் கையில் இருந்ததையெல்லாம் பறித்துக்கொண்டு போன மனுஷி எனக்கென்று விட்டுப்போனது இது ஒன்றுதான். ஒருத்தியின் வலியை அவளாகக் கொடுக்கும் வரை நான் எடுப்பதில்லை.